தந்தையோடு மலையேறிய நாள்



தவக்காலம் பிறந்துவிட்டால் நம் பங்குகளில் திருப்பயணப் பேச்சும் பிறந்துவிடுகிறது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் இளைஞர் இருவர் நோட்டுப் புத்தகமும் கையுமாக நின்று பெயர் எழுதிக்கொள்வர். பேருந்தில் எத்தனை இருக்கை, கட்டணம் எவ்வளவு, கட்டுச்சோறு யார் பொறுப்பு என்றெல்லாம் பேச்சு நடக்கும். அந்த நேரத்தில் அருகே நிற்கும் முதியவர் ஒருவர், “நானும் வரட்டுமா?” என்று மெதுவாகக் கேட்பார். கேள்வி பலர் காதில் விழும். பதில் சொல்லத்தான் ஆள் இராது.

2016-ஆம் ஆண்டு தவக்காலத்தில் அக்கேள்வி நம் வீட்டிலேயே எழுந்தது. கேட்டவர் நம் தந்தையார். அவருக்கு அப்போது வயது 74. அன்னையார் இறைவனடி சேர்ந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. அந்த இரண்டாண்டுகளில் அவர் பேசிய சொற்களை ஒரு தாளின் இரு பக்கங்களில் எழுதிவிடலாம். காலையில் திருப்பலி, பின்பு செய்தித்தாள், மாலையில் செபமாலை, இரவில் கஞ்சி என்று அவருடைய நாட்கள் கழிந்தன.

கல்லூரி நாள் முதல் பிரியாத நண்பர் மூவரோடு மலையாற்றூர் செல்ல நாம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். ஒருவர் வங்கியில் பணிபுரிபவர். மற்றவர் பள்ளி ஆசிரியர். மூன்றாமவர் கோவையில் லேத் பட்டறை நடத்துபவர். பட்டறை நண்பர் நம் மறையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் நண்பர்கள் போகுமிடத்திற்குத் தாமும் வருவதென்பது அவருடைய வழக்கம். வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து இரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், “நானும் வரட்டுமா, கண்ணு?” என்று கேட்டார் தந்தையார்.

நாம் உடனே விடையளிக்கவில்லை. ஏறுவதற்கு நேரமாகுமே, இடையில் ஏதேனும் நேர்ந்துவிட்டால் என்ன செய்வது, நண்பர்களின் மகிழ்ச்சிக்குத் தடையாகிவிடுமே என்றெல்லாம் மனம் கணக்குப் போட்டது. “வாங்கப்பா, போகலாம்” என்று முந்திக்கொண்டு சொன்னவர் பட்டறை நண்பர்தாம். பெற்ற மகன் சொல்லியிருக்க வேண்டிய சொல்லைப் பிறர் வாயிலிருந்து கேட்டதை இன்று எண்ணினாலும் நாணமாகவே இருக்கிறது.

மலையாற்றூரை அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல். கேரள மாநிலத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், பெரியாற்றின் கரையில் அமைந்த ஊர் அது. மலை, ஆறு, ஊர் என்னும் மூன்றும் சேர்ந்தே அப்பெயர் வந்தது என்பர். ஆதி சங்கரர் பிறந்த காலடி அங்கிருந்து சிறிது தொலைவில்தான் இருக்கிறது. கி.பி. 52-இல் கொடுங்கல்லூரில் கரையிறங்கினார் என்று நம் முன்னோர் வழிவழியாக நம்பிவரும் அப்போஸ்தலரான புனித தோமையார், இம்மலை மீது தங்கிச் செபித்தார் என்பது மரபு. சென்னையில் சின்னமலையும் பரங்கிமலையும் எவ்வாறு அவர் பெயரோடு இணைந்து நிற்கின்றனவோ, அவ்வாறே கேரளத்தில் இந்தக் குரிசுமுடி. கடல் மட்டத்திலிருந்து 609 மீட்டர் உயரமுள்ள அம்மலையில், அடிவாரத்திலிருந்து உச்சி வரை சிலுவைப்பாதையின் 14 தலங்களும் நிறுவப்பட்டுள்ளன. பாதை கரடுமுரடானது, பாறையும் உருளும் கல்லும் மரவேரும் நிறைந்தது. தவக்காலம் முழுவதும், உயிர்ப்பு விழாவுக்கு அடுத்து வரும் ‘புது ஞாயிறு’ வரையும், மக்கள் சாரை சாரையாக ஏறுகின்றனர். பெரிய மரச்சிலுவைகளைத் தோளில் தாங்கி ஏறுவோரும் உண்டு. குழந்தைகளைச் சுமந்து ஏறுவோரும் உண்டு.

வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டு, அங்கமாலி நிலையத்தில் இறங்கி, காலடி வழியாகப் பேருந்தில் மலையாற்றூரை அடைந்தோம். ஆற்றங்கரையில் உள்ள தோமையார் ஆலயத்தில் செபித்துவிட்டு அடிவாரத்திற்கு வந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. அதுவே முதல் தவறு என்பதைப் பின்னர் உணர்ந்தோம். மார்ச்சுத் திங்களில் அப்பகுதியின் வெயிலும் புழுக்கமும் கடுமையானவை. அறிந்தவர்கள் இருட்டிலேயே கைவிளக்கோடு ஏறிவிடுவர், அல்லது வெயில் தாழ்ந்த பின் தொடங்குவர்.

முதற்றலத்தில் மண்டியிட்டுச் செபத்தைத் தொடங்கினார் தந்தையார். நம்மில் எவருக்கும் முழுமையாக நினைவில் இல்லாத பழைய சிலுவைப்பாதைச் செபங்களை அவர் புத்தகமின்றிச் சொன்னார். நான்காம் தலம் வரை அனைவரும் சேர்ந்தே சென்றோம். அதன்பின் நம் கால்கள் நம்மையும் அறியாமல் வேகங்கொண்டன. வங்கி நண்பரும் ஆசிரிய நண்பரும் நாமும் முன்னே சென்று ஒரு பாறையில் அமர்ந்து காத்திருப்போம். தந்தையாரும் பட்டறை நண்பரும் வந்து சேருவர். அவர்கள் வந்ததும் நாம் எழுந்து புறப்பட்டுவிடுவோம். அதாவது, ஓய்வு தேவைப்படாதவர்கள் நன்றாக ஓய்வெடுத்தோம்; ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிட்டவில்லை. மலையேறும் கூட்டங்களில் மிகச் சாதாரணமாக நடைபெறும் அநீதி இது. நடக்கிறபோது ஒருவருக்கும் அது அநீதியாகத் தோன்றுவதில்லை.

ஒன்பதாம் தலத்தில் தந்தையார் அமர்ந்துவிட்டார். ஆண்டவர் மூன்றாம் முறை விழுந்ததை நினைவுகூரும் இடம் அது. முகம் வெளுத்திருந்தது, சட்டை நனைந்து உடலோடு ஒட்டியிருந்தது. “என்னப்பா?” என்று பதறினோம். அவர் சிரித்தார். “ஆண்டவரே விழுந்த இடம். நான் உட்கார்ந்தால் குற்றமா? நீங்கள் போய் வாருங்கள். எனக்கு இதுவரைதான்.”

“இன்னும் ஐந்து தலங்கள்தாமே அப்பா, மெதுவாக ஏறிவிடலாம்” என்றோம். அவர் தலையை அசைத்தார். இவ்வளவு தூரம் வந்து உச்சியைக் காணாமல் திரும்புவதா என்பது நம் எண்ணம். அவரை அங்கேயே விட்டுவிட்டு ஏறுவதா என்பதும் நம் எண்ணந்தான். இரண்டுக்கும் இடையில் நாம் தடுமாறி நின்றபோது, பட்டறை நண்பர் தந்தையாரின் அருகில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். “நான் அப்பாவோடு இருக்கிறேன். நீங்கள் போய் வாருங்கள்” என்றார்.

நாம் சென்றோம். உச்சியை அடைந்தோம். அங்குள்ள சிற்றாலயத்தில் செபித்தோம். தோமையாரின் திருப்பாதம் பதிந்தது என்று மரபு கூறும் பாறையைத் தொட்டு வணங்கினோம். கீழே பச்சைத் துணி விரித்தாற்போன்ற மரக்கூட்டத்தையும், இடையே வெள்ளிக் கம்பியாகப் பெரியாற்றையும் கண்டு மகிழ்ந்தோம். கைப்பேசியில் படங்களும் எடுத்துக்கொண்டோம். ஒன்றரை மணி நேரம் கழித்தே ஒன்பதாம் தலத்திற்கு இறங்கி வந்தோம்.

தந்தையார் பாறையில் சாய்ந்து அமர்ந்திருந்தார். முகத்தில் தெளிவு வந்திருந்தது. பட்டறை நண்பரின் கண்களோ சிவந்திருந்தன. “மேலே என்ன இருக்கிறது?” என்று தந்தையார் கேட்டார். நாம் கண்டவற்றை எல்லாம் விவரித்தோம். சிறு பிள்ளை கதை கேட்பதுபோல் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு, “மிச்சமுள்ள ஐந்து தலங்களையும் இங்கிருந்தே சொல்லிவிடுவோம்” என்றார். உச்சியை நோக்கி அமர்ந்து அவர் செபிக்க, நாம் மறுமொழி கூறினோம். அருகே இறங்கிச் சென்ற மலையாளக் குடும்பம் ஒன்றும் சிறிது நேரம் நின்று, மொழி புரியாவிடினும், கைகூப்பிச் சென்றது.

அடிவாரத் தேநீர்க் கடையில் பட்டறை நண்பரைத் தனியே அழைத்து, “என்ன நடந்தது?” என்று கேட்டோம். “உன் அப்பா என்னிடம் ஒன்று சொன்னார். அதை நான் சொல்லக் கூடாது. நீயே அவரைக் கேள். இன்றைக்கே கேள்” என்றார். அவர் குரலில் இருந்த கண்டிப்பை அதற்கு முன் நாம் கேட்டதில்லை.

திரும்பும் இரயிலில், பாலக்காட்டுக் கணவாயை வண்டி கடந்துகொண்டிருந்தபோது கேட்டோம். தந்தையார் நெடுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்திருந்தார். பின்பு சொல்லத் தொடங்கினார்.

அவர் கோவையில் பஞ்சாலைத் தொழிலாளி. 1987-இல் நாம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அவர் வேலை செய்த ஆலை கதவடைத்தது. வீட்டில் அவர் அதைச் சொல்லவில்லை. வழக்கம்போலக் காலையில் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். போனது ஆலைக்கன்று, காய்கறி மண்டிக்கு. எட்டு மாதங்கள் அங்கே மூட்டை சுமந்தார். ஆலை திறந்த பிறகே அவர் பழைய வேலைக்குத் திரும்பினார். “உனக்குத் தெரிந்தால் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாய் என்று பயம்” என்றார்.

அவ்வாண்டின் தவக்காலத்தில், கூடுதல் ஷிப்டு என்று வீட்டில் சொல்லிவிட்டு, அவர் தன்னந்தனியே மலையாற்றூர் சென்றிருக்கிறார். ஒன்பதாம் தலம் வரை ஏறினார். மாலை மூட்டை இறக்க மண்டிக்குத் திரும்பியாக வேண்டும். அன்று போகாவிட்டால் மறுநாள் அவர் இடத்தில் வேறொருவர் நிற்பார். இரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஆகவே அங்கேயே மண்டியிட்டு ஒரே ஒரு மன்றாட்டை வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

“என்ன மன்றாட்டு, அப்பா?”

“வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது, ஆண்டவரே என்று கேட்டேன். கேட்டது கிடைத்தது. இருபத்தொன்பது ஆண்டுகள் உனக்குத் தெரியவில்லையே.”

“அம்மாவுக்கு?”

“அவளுக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. சட்டை துவைக்கிறவளுக்குத் தோள் தெரியாதா?”

அன்புள்ள வாசகர்களே, அந்த எட்டு மாதங்களில் ஒரு நாள் நம் கல்லூரியில் ஆண்டு விழா நடைபெற்றது. நமக்குப் பரிசு ஒன்று கிடைத்தது. எல்லாப் பெற்றோரும் வந்திருந்தனர். நம் தந்தையார் வரவில்லை. மகனின் உயர்வில் அக்கறையற்றவர் என்று அன்று நாம் முடிவு கட்டினோம். அம்முடிவை மனத்தின் ஒரு மூலையில் வைத்துப் பூட்டி, அதன் மேல் இருபத்தொன்பது ஆண்டுகள் வாழ்க்கை நடத்தினோம். அவரோடு நாம் குறைவாகப் பேசியதற்கு அதுவும் ஒரு காரணம். விழா நாளன்று தோள் புண்ணாகி, சட்டை போட முடியாமல், அவர் மண்டியின் பின்புறம் சாக்கின் மீது படுத்திருந்தார் என்பதை அந்த இரயிலில்தான் அறிந்தோம்.

“ஏன் இதை என்னிடம் சொல்லவில்லை? என் நண்பனிடம் சொன்னீர்களே!” என்றோம். குறையாகத்தான் கேட்டோம். அவர் வெகு எளிமையாக விடை சொன்னார்: “அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.”

அவ்விடையை நாம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். உயிர்த்த ஆண்டவர் சீடர்களுக்கு முதலில் தோன்றியபோது தோமையார் அங்கே இல்லை என்று புனித யோவான் எழுதுகிறார். எங்கே போயிருந்தார், என்ன அலுவல் என்று நற்செய்தி கூறவில்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு போயிருக்கமாட்டார். நாமும் கெட்ட எண்ணத்தோடு உச்சிக்குச் செல்லவில்லை. புனிதமான இடத்தைக் காணவே சென்றோம். ஆயினும் நமக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி சொல்லப்பட்ட நேரத்தில் நாம் அங்கே இல்லை. நம் ஆறுதல் என்னவெனில், தோமையாருக்காக ஆண்டவர் எட்டு நாள் கழித்து மீண்டும் வந்தார். தம் காயங்களைக் காட்டினார். நமக்கும் அன்று மாலையே இரண்டாம் வாய்ப்புக் கிடைத்தது. இரயில் பெட்டியின் மங்கிய வெளிச்சத்தில், சட்டையைச் சிறிது விலக்கி, தோளில் இருந்த பழைய தழும்பை அவர் காட்டினார். அத்தோளை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அது என்ன என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

திருநூலில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மேற்கொண்ட பயணங்கள் பல. ஆபிரகாமும் ஈசாக்கும் மோரியா மலைக்குச் சென்றபோது இருவரும் சேர்ந்தே நடந்தனர் என்பதைத் தொடக்க நூல் இருமுறை எடுத்துரைக்கிறது. ஆயினும் அந்நீண்ட வழியில் அவர்கள் பேசிக்கொண்டதாக எழுதப்பட்டிருப்பது மகனின் ஒரு கேள்வியும் தந்தையின் ஒரு விடையும் மட்டுமே. தந்தையின் உள்ளத்தில் இருந்த சுமையை அம்மகன் அறியவில்லை. விறகுச் சுமை மட்டுமே அவன் தோளில் இருந்தது. பன்னிரண்டு வயது இயேசுவோ எருசலேமுக்கு உறவினரோடும் அறிமுகமானவரோடும் கூட்டமாகச் சென்றார். மகன் கூட்டத்தில் எங்கோ இருப்பான் என்று எண்ணிப் பெற்றோர் ஒரு நாள் வழி நடந்துவிட்டனர். திருக்குடும்பத்திலேயே ஒருவர் இருக்குமிடம் மற்றவருக்குத் தெரியாமற்போன ஒரு நாள் உண்டு என்றால், நம் குடும்பங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? மரியாளும் யோசேப்பும் திரும்பிச் சென்று தேடினர் என்பதே நாம் கற்க வேண்டியது.

மலையை நேசித்த புனிதர் ஒருவரின் வரலாறும் இவ்வேளையில் நினைவுக்கு வருகிறது. இத்தாலியின் தூரின் நகரில் 1901-இல் பிறந்த பியர் ஜோர்ஜோ பிராசாத்தி, நண்பர் குழாத்தோடு ஆல்ப்ஸ் மலைகளில் ஏறுவதைப் பேரின்பமாகக் கொண்டவர். மலைக்குப் புறப்படுமுன் திருப்பலி காண்பார். வழியில் செபமாலை சொல்வார். நண்பர்களோடு ஆரவாரமாகச் சிரிப்பார். அவருடைய தந்தை பெரிய செய்தித்தாள் ஒன்றின் உரிமையாளர், செருமனியில் இத்தாலியத் தூதராகவும் இருந்தவர், இறைநம்பிக்கையில் பற்றற்றவர். மகன் தூரின் நகர ஏழைகளின் குடில்களை நாள்தோறும் தேடிச் சென்றதும், பேருந்துக்குத் தந்த காசை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நடந்தே வீடு திரும்பியதும் வீட்டாருக்குச் சரிவரத் தெரியாது. 1925-ஆம் ஆண்டு சூன் இறுதியில் இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கியது. அதே நாட்களில் அதே வீட்டில் அவருடைய பாட்டியார் மரணப் படுக்கையில் இருந்தார். வீட்டாரின் கவனம் முழுவதும் அங்கே இருந்ததால், இளைஞனின் நோய் எவ்வளவு கொடியது என்பதை அவர்கள் காலங்கடந்தே உணர்ந்தனர். சூலை 4-ஆம் நாள், 24 வயதில், அவர் இறந்தார். அடக்கச் சடங்கிற்குத் திரண்டு வந்த ஏழை மக்களைக் கண்டபோதுதான், தம் மகன் யார் என்பதைப் பெற்றோர் அறிந்தனர். 1990-இல் இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அங்கே பெற்றோர் மகனை அறியவில்லை. இங்கே மகன் தந்தையை அறியவில்லை. அன்பு இல்லாமையால் இவ்வாறு நேர்வதில்லை. ஒரே கூரையின் கீழ் வாழ்வதாலேயே ஒருவரை ஒருவர் அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். நமக்குத் தெரியாதது இன்னும் இருக்கும் என்ற நினைப்பே எழாததால் கேட்பதை விட்டுவிடுகிறோம்.

இனி, இவ்வாண்டு முதியோரை உடனழைத்து மலையேற விரும்பும் குடும்பங்களுக்கு, நாம் தவறு செய்து கற்ற சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, புறப்படுமுன் மருத்துவரைக் காண்க. மலையாற்றூரிலிருந்து திரும்பிய சில வாரங்களில் நம் தந்தையாரைப் பரிசோதித்த மருத்துவர், இதயத்தின் இரத்தக் குழாய் ஒன்றில் அடைப்பு இருப்பதைக் கண்டறிந்தார். நடந்தவற்றைக் கேட்டுவிட்டு, “அன்று அவர் உட்கார்ந்தது நல்லது, நீங்கள் வற்புறுத்தாததும் நல்லது” என்றார். வற்புறுத்தினோம் என்பதைச் சொல்ல நமக்கு வாய் எழவில்லை. நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, மிகுந்த மூச்சுத் திணறல், காரணமின்றிக் குளிர்ந்த வியர்வை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நிற்க வேண்டும். உதவியை நாட வேண்டும். பக்தியின் பெயரால் அவற்றைப் பொறுத்துக்கொள்வது பக்தி ஆகாது.

இரண்டாவது, கூட்டத்தில் மெதுவாக நடப்பவரே முன்னே செல்லட்டும். அவருடைய நடையே அனைவருக்கும் நடையாக இருக்கட்டும். அவர் அமரும்போது எல்லோரும் அமர்க. அவர் எழுந்த பிறகே எல்லோரும் எழுக.

மூன்றாவது, வெயிலுக்கு முன் ஏறுக. தண்ணீர் போதிய அளவு கொண்டு செல்க. தாகம் எடுக்குமுன்னரே சிறிது சிறிதாகப் பருகச் செய்க. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையோ இனிப்போ மடியில் வைத்திருக்க வேண்டும். அன்றாட மருந்துகளைப் பேருந்திலேயே விட்டுவிட்டு ஏறுவோர் பலர், அது பெருந்தவறு.

நான்காவது, இறங்குவது எளிது என்று எண்ணற்க. ஏறும்போது மூச்சு வாங்குகிறது. இறங்கும்போது முழங்கால்கள் சுமையைத் தாங்குகின்றன. முதியோர் வழுக்கி விழுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். ஒரு கைத்தடியும், முன்னே ஒரு தோளும் இருக்கட்டும்.

ஐந்தாவது, எந்த இடத்திலும் திரும்பிவிடலாம் என்பதைப் புறப்படும்போதே எல்லோரும் மனமொப்பிக்கொள்ளுங்கள். உச்சியை அடையாத திருப்பயணம் குறையுள்ளது என்று எத்திருச்சபைச் சட்டமும் கூறவில்லை. ஒருவர் நின்றால், அவரோடு இருப்பதற்கு ஒருவர் நிற்க வேண்டும். அந்த ஒருவர் முடிந்தவரை அவருடைய மகனாகவோ மகளாகவோ இருக்கட்டும்.

பிள்ளைகளின் நண்பர்களைப் பற்றியும் பெற்றோருக்கு ஒரு சொல். மகனின் நண்பன் என்றால் வாசலோடு அனுப்பிவிடும் வழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. வேற்று மறையைச் சேர்ந்தவர் என்றால் இன்னும் சிறிது தயக்கம். நம் தந்தையாரோ அவர்கள் கல்லூரி நாட்களில் வந்தபோதெல்லாம் உட்காரச் சொல்லி, தம் பங்கில் பாதியைக் கொடுத்தவர். மூட்டை சுமந்த அந்த எட்டு மாதங்களிலும் அவ்வழக்கம் மாறவில்லை என்று பட்டறை நண்பர் பின்னாளில் கூறினார். அந்தச் சோற்றின் விலை அன்று தமக்குத் தெரியவில்லை என்று சொல்லி அவர் கண்கலங்கினார். ஒன்பதாம் தலத்தில் அவர் விரித்த துண்டு அச்சோற்றுக்குக் கைம்மாறு என்று சொல்ல மாட்டோம். அவர் அப்படி எண்ணியிருக்கவும் மாட்டார். ஆயினும் வீட்டு வாசலில் வரவேற்கப்பட்ட நண்பனே மலை வழியில் தந்தைக்கு மகனானான் என்பதை நாம் கண்டோம்.

சிகிச்சைக்குப் பின் தந்தையார் நம்மோடு மூன்றாண்டுகள் வாழ்ந்தார். மலையேற மருத்துவர் இசையவில்லை. அதனால் மாலைதோறும் செபமாலை முடிந்ததும் தெருக்கோடி வரை அவரோடு நடந்துவிட்டு வருவது நம் வழக்கமாயிற்று. போக வர அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தில் அவருடைய சிறுவயது, ஆலையின் முதல் நாள், அன்னையாரைப் பெண் பார்க்கச் சென்ற கதை, மண்டியில் உடன் சுமந்தவர்களின் பெயர்கள் என ஒவ்வொன்றாகக் கேட்டு அறிந்தோம். சில நாட்கள் அவர் ஒன்றும் பேசமாட்டார். நாமும் பேசாமல் உடன் நடப்போம். 2019-இல் அவர் அமைதியாக இறைவனடி சேர்ந்தார். கல்லறைக்குச் சுமந்து சென்றவர்களுள் பட்டறை நண்பரும் ஒருவர்.

அதற்கு அடுத்து வந்த வாய்ப்பில் நாமும் நண்பர்களும் மீண்டும் மலையாற்றூர் சென்றோம். ஒன்பதாம் தலத்தில் எல்லோருமாக நீண்ட நேரம் அமர்ந்திருந்தோம். ஒருவரும் அவசரப்படவில்லை.

இத்தவக்காலத்தில் உங்கள் பங்கிலும் திருப்பயணத்திற்குப் பெயர் எழுதுவர். வீட்டில் உள்ள பெரியவர் கேட்கும் வரை காத்திராதீர்கள். “நீங்களும் வாருங்கள்” என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். அவர் ஒருவேளை வர மறுக்கலாம். முழங்கால் வலி என்பார். உங்களுக்கு ஏன் தொல்லை என்பார். அப்படியானால் தெருக்கோடி வரையேனும் அழைத்துச் செல்லுங்கள். அவர் உட்காருமிடத்தில் நீங்களும் உட்காருங்கள். கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள்.

இறைவன் உங்கள் இல்லத்தாரைக் காப்பாராக. அடுத்த திங்களில் மீண்டும் சந்திப்போம்.